டேப்பும் தாம்பூலத் தட்டும்

சுண்டைக்காட்டூரில் ஒரு திருமணத் தகவல் மையம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற மூன்று பேரில் யார் புத்திசாலி என்று கேட்டால், ஒவ்வொருவரும் அடக்கமாக மற்ற இரண்டு பேரைக் காட்டுவார்கள்.

முதலாளி பூமிபாலனுக்கு வயது நாற்பத்தொன்று. ஊரில் முந்நூறு கல்யாணம் செய்து வைத்தவர், தனக்கு மட்டும் செய்துகொள்ள மறந்துவிட்டார். ஜாதகம் பார்க்க ஜோசியர் வரதப்பர். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப் பரிமளம் அக்கா. போன வாரம் கடைசியாகப் பதிவான செண்பகவல்லியின் ஜாதகத்தை வரதப்பர் யாருக்கோ பொருத்திப் பார்த்து, தவறுதலாகப் பூமிபாலனுக்கே பொருத்திவிட்டார். பத்துக்கு ஒன்பதரைப் பொருத்தம்.

பெண்ணின் அப்பா அவினாசியப்பன், வியாழக்கிழமை தாம்பூலத் தட்டோடு வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஒன்றரை மணிக்கு ராகு காலம். அதற்குள் தட்டை வாங்கிக்கொண்டால் நிச்சயம். இல்லாவிட்டால் அடுத்த பஸ்ஸில் பொள்ளாச்சி வரனைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். அங்கேயும் ஒன்பதரைதான்.

அந்த வாரம் பார்த்துக் கம்ப்யூட்டர் மாவரைக்கிற சத்தம் போட ஆரம்பித்தது. கோயம்புத்தூரிலிருந்து இன்ஜினியர் அஜ்மல் வந்தார். காதை வைத்துக் கேட்டார்.

“இது எந்த நிமிஷமும் படுத்துடும். வெள்ளிக்கிழமை புதுசு கொண்டு வர்றேன். அதுக்குள்ள எல்லா ஜாதகத்தையும் இந்த டேப்ல ஏத்தி வையுங்க. நான் எழுதித் தர்றபடியே செய்யுங்க. சொந்த மூளை வேண்டாம்.”

“அந்தக் கவலையே வேண்டாம் சார்” என்றார் பூமிபாலன்.

காகிதத்தில் நான்கே வாசகம். ஒன்று, டேப்பை உள்ளே தள்ளவும். இரண்டு, கீழே உள்ள ஆங்கில வரியை அப்படியே அடித்து என்டர் தட்டவும். மூன்று, திரையில் பெயர்கள் ஒவ்வொன்றாக ஓடும். கடைசிப் பெயர் வரும்வரை யாரும் எதையும் தொடக்கூடாது. நான்கு, டேப்பை எடுத்து வேறு கட்டடத்தில் வைக்கவும். டேப்பும் கம்ப்யூட்டரும் ஒரே கட்டடத்தில் இருக்கவே கூடாது, தீப்பிடித்தால் இரண்டும் போய்விடும்.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் காகிதத்தைச் சுற்றி உட்கார்ந்து முழுவதும் படித்தார்கள். வரதப்பர்தான் முதலில் அதிர்ந்தார்.

“பரிமளம், டேப் இப்ப எங்க இருக்கு?”

“இதோ, என் கைப்பைல.”

“கம்ப்யூட்டர்?”

“மேசை மேல.”

“ஐயோ! ரெண்டும் ஒரே கட்டடம்!”

பரிமளம் அக்கா கைப்பையோடு தெருவுக்குப் பாய்ந்தார். அங்கிருந்து ஜன்னல் வழியாகப் பேச்சுவார்த்தை நடந்தது.

“ஒண்ணாவும் இருக்கக் கூடாது, உள்ளேயும் தள்ளணும். எப்படிங்க?” என்றார் பரிமளம்.

பூமிபாலன் வெகுநேரம் யோசித்தார். “தெரு கட்டடமா?”

“இல்லைங்க.”

“அப்ப எல்லாரும் தெருவுக்குப் போயிடலாம்.”

ஜன்னல் வழியாகக் கரன்ட் ஒயர் இழுத்து, கம்ப்யூட்டரைத் தெருவில் இறக்கினார்கள். வெயில் படாமலிருக்கக் கல்யாண கான்ட்ராக்டரிடம் சொல்லி ஷாமியானா போட்டார்கள். ஷாமியானா வந்தால் கூடவே ஐம்பது நாற்காலியும் வரும், அது கான்ட்ராக்டரின் வழக்கம். நாற்காலி இருந்ததால் ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். என்ன விசேஷம் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு இலை போடுவார்கள் என்று மட்டும் கேட்டார்கள்.

பரிமளம் அக்கா டேப்பைத் தள்ளிவிட்டு முதல் வேலையாகப் பிள்ளையார் சுழி போட்டு என்டர் தட்டினார். அப்படி ஒரு கட்டளை தெரியாது என்று கம்ப்யூட்டர் ஆங்கிலத்தில் சொன்னது.

“பிள்ளையாரையே தெரியாதாமா?” என்றார் பரிமளம்.

“வெளிநாட்டுச் சாமான்” என்றார் வரதப்பர். “நம்ம பக்கம் கோயில் குளம் பார்த்திருக்காது.”

சுழி இல்லாமல் எதையும் தொடங்க முடியாது. சுழி போட்டால் எதுவும் தொடங்காது. ஒரு மணி நேரம் விவாதித்து, திரையின் மேல் விளிம்பில் சந்தனத்தால் சுழி போடுவதென்று முடிவானது. கம்ப்யூட்டர் அதற்கு ஆட்சேபம் சொல்லவில்லை. அதன் பிறகு வரியை அடித்தார்கள். பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அப்போது மணி பன்னிரண்டே கால்.

“கை!” என்று கத்தினார் பூமிபாலன். மூன்று பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்கள்.

ஐந்து நிமிஷம் கழித்து வரதப்பரின் முகம் வெளுத்தது. “காலு தரையைத் தொட்டுக்கிட்டு இருக்குங்களே!”

உடனே ஆளுக்கொரு காலைத் தூக்கினார்கள். இன்னொரு காலையும் தூக்கிப் பார்த்த பரிமளம் அக்கா விழுந்தார். விழுந்தவர் தொட்ட இடம் அதிகமாகிவிட்டதால் அவசரமாக எழுந்தார். ஒரு கால் மன்னிக்கப்படும் என்று முடிவு செய்தார்கள். நாற்காலியில் இருந்தவர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

ஒரு மணிக்கு அவினாசியப்பன் தட்டோடு வந்து இறங்கினார். ஷாமியானாவைப் பார்த்து அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“நிச்சயத்துக்கே பந்தலா! மாப்பிள்ளை, தட்டை வாங்கிக்குங்க.”

“தொடக் கூடாதுங்க மாமா! நீங்களும் கையைத் தூக்குங்க!”

“கையில தட்டு இருக்குதே.”

வரதப்பர் இதை ஆராய்ந்தார். “ஏற்கெனவே தொட்டது தொட்டதுதான். விட்டா, அப்புறம் மறுபடி தொட வேண்டி வரும். அப்படியே தூக்கிக்குங்க.”

அவினாசியப்பன் தட்டைத் தலைக்கு மேல் தூக்கினார். ஏன் என்று கேட்கவில்லை. சம்பந்தம் ஏன் பத்துக்கு ஒன்பதரை பொருந்தியது என்பது பரிமளம் அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. கொஞ்ச நேரத்தில் அவரும் ஒரு காலைத் தூக்கிவிட்டார்.

மணி ஒன்று பத்து. பங்குனி மாதம் பதிந்த பெயர்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன.

“எம் பொண்ணு பேரு எப்ப வரும்?”

“கடைசியாத்தாங்க பதிஞ்சோம். கடைசியாத்தான் வரும்.”

ஒன்று இருபது. சித்திரை. பூமிபாலனின் நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நின்றது. துடைக்க வழியில்லை.

“மாப்பிள்ளை, பொள்ளாச்சி பஸ் ஒண்ணரைக்கு” என்றார் அவினாசியப்பன். அதில் மிரட்டல் இல்லை, துக்கம்தான் இருந்தது.

“செண்பகவல்லி! சீக்கிரம் வாம்மா!” என்று பூமிபாலன் திரையைப் பார்த்துக் கத்திவிட்டுக் கும்பிட நினைத்தார். கும்பிட்டால் கையும் கையும் தொடும். ஆகவே மனசுக்குள் கும்பிட்டார். நாற்காலிக்காரர்களும் சேர்ந்துகொண்டு, “செண்பகவல்லி! செண்பகவல்லி!” என்று கூவினார்கள்.

ஒன்று இருபத்தெட்டுக்குச் செண்பகவல்லி வந்தாள். கம்ப்யூட்டரின் சத்தம் நின்றது. பூமிபாலன் ஒற்றைக் காலிலேயே தாவிப்போய்த் தட்டை வாங்கிக்கொண்டார். பந்தலே கைதட்டியது.

அடுத்து நான்காவது வாசகம். வேறு கட்டடம் வேண்டும். சம்பந்தி வீட்டைவிட நம்பிக்கையான கட்டடம் எது? பரிமளம் அக்கா டேப்புக்கு மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு அவினாசியப்பன் கையில் கொடுத்தார். கம்ப்யூட்டரை உள்ளே தூக்கி வைத்தார்கள். வைத்த அதிர்ச்சியில் அது அன்றைக்கே உயிரை விட்டது.

மறுநாள் அஜ்மல் புதுக் கம்ப்யூட்டரோடு வந்தார். மேசையில் வைத்தார். “டேப் எங்கே?”

“மாமா வீட்டுல பத்திரமா இருக்கு சார்.”

“பேஷ். கொண்டு வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

பூமிபாலன் போன் செய்தார். அவினாசியப்பன் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அதன் பிறகுதான் வரதப்பர் காகிதத்தை மறுபடி எடுத்துப் படித்தார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அஜ்மல் திரும்பி வந்தபோது அவினாசியப்பன் டேப்போடு நின்றார். மேசை காலியாக இருந்தது.

“கம்ப்யூட்டர் எங்கே?”

“டேப் இந்தக் கட்டடத்துக்கு வருதுன்னு தெரிஞ்சதும் ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டோம் சார்.”

“எங்கே அனுப்பினீங்க?”

“வேற கட்டடத்துக்குத்தாங்க. மாமா வீட்டுக்கு” என்றார் பூமிபாலன் பெருமையாக.

அஜ்மல் மெதுவாக இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார்.

அவினாசியப்பன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அனுபவஸ்தராகச் சொன்னார்:

“கை மட்டும் பத்தாதுங்க தம்பி. ஒரு காலையும் தூக்கணும்.”