பத்துக்கையன் நுழைய முடியாத வாசல்

வெகு காலத்துக்கு முன்னே மெய்யூர் என்றொரு ராஜ்ஜியம். அதை ஆண்ட ராணி பொற்கொடிக்கு ஐந்து காவலர்கள், ஐவரும் அண்ணன் தம்பிகள். மௌனி கோபுரத்தில் நின்று அந்நியனைக் கண்டால் மணியடிப்பான். மணி கேட்டதும் முதலில் ஓடுபவன் பத்துக்கையன். வாசலான் கோட்டை வாசலை விட்டு நகர மாட்டான். சுள்ளான் முன்கோபி. முன்பு ஊருக்குள் புகுந்த புழுப்படையை விரட்டியவன் அவன்தான், ஆனால் பூந்தூள் பறந்தாலும் வாளை உருவுவான், ஊரே தும்மும். கடைக்குட்டி நினைவன் பொடியன், ஒருமுறை பார்த்ததை மறக்க மாட்டான்.

ஒருநாள் கொப்புளன் என்ற மந்திரவாதி வந்தான். அவன் தொட்டவர்கள் உடம்பெல்லாம் கொப்புளமாகி மயங்கி விழுந்தார்கள். மணி அடித்தது, பத்துக்கையன் ஓடினான், மல்லுக்கட்டினான். விரட்டி முடிக்க ஏழு நாள் ஆனது, அதற்குள் பாதி ஊர் படுத்துவிட்டது. மந்திரவாதியின் கட்டைவிரல் கொக்கிபோல் வளைந்திருந்ததை நினைவன் கவனித்துக்கொண்டான்.

மறுவருஷம் அவன் பூக்காரி வேஷத்தில் வந்தான். மணி அடித்தது, பூந்தூளைக் கண்ட சுள்ளான் முந்திக்கொண்டு ஓடினான், பூக்கூடையோடு மல்லுக்கட்டினான். ஊரே தும்மியதுதான் மிச்சம். நினைவன் விரலைப் பார்த்தான், பாய்ந்து பிடித்தான், அரை நாழிகையில் விரட்டிவிட்டான்.

ஓடும்போது கொப்புளன், "ராணி வயித்துப் பிள்ளைக்கு என்னைத் தெரியாது. அது பொறக்கட்டும், வர்றேன்" என்றான்.

ராணி பிள்ளைக்குக் காவலாகப் போகச் சொல்லி ஐவரையும் அழைத்தாள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்த அறைக்கு ஊசிக்காது அளவில் ஒரே வாசல். பத்துக்கையன் நுழையப் பார்த்தான், பத்துக் கையும் மாட்டிக்கொண்டன. தம்பிகள் சேர்ந்து இழுத்துத்தான் வெளியே எடுத்தார்கள், பாவம். சுள்ளான் கத்திப் பார்த்தான், வாசல் மசியவில்லை. நினைவன் மட்டும் நழுவி உள்ளே போய்விட்டான். கோட்டை வாசலை விட்டு நகராத வாசலான்கூட, பிள்ளை பிறந்ததும் அதன் வாயைக் காக்கத் தாய்ப்பாலோடு வருவதாகச் சொல்லியனுப்பினான், சொன்னபடி வந்தும் சேர்ந்தான்.

இளவரசி பிறந்த மூன்றாம் நாள், மருத்துவச்சி ஒருத்தி தொட்டிலருகே வந்து கையை நீட்டினாள். கட்டைவிரல் வளைந்திருந்தது.

பிள்ளையோடு கூடவே வந்து தொட்டிலுக்குள் இருந்த நினைவன் தாவிப் பற்றினான். "முகத்தை மாத்திட்டே. விரலை மாத்தலையே" என்றான். கொப்புளன் திமிறினான், கெஞ்சினான், கடைசியில் கரைந்தே போனான். முதல் வருஷத்திலிருந்தே மயங்கிப் படுத்திருந்த பாதி ஊரும் எழுந்து பசிக்கிறது என்று சோறு கேட்டது.

ராணி நினைவனுக்குப் பாதி ராஜ்ஜியம் தருவதாகச் சொன்னாள். அவனோ தான் தாயிடமிருந்து வந்தவன், குழந்தையிடம் சில மாதம்தான் இருக்க முடியும், அதற்குள் குழந்தைக்கென்று சொந்தக் காவலர்கள் பிறந்து வந்தால் போதும் என்றான்.

ஆறாம் மாதம் இளவரசிக்கு முதல் ஜலதோஷம். தொட்டிலில் குட்டி மணி ஒன்று அடித்தது. பத்துப் பிஞ்சுக் கைகளோடு ஒரு குட்டிப் பத்துக்கையன் தடுமாறித் தடுமாறி ஓடினான். அதைப் பார்த்து நினைவன் சந்தோஷத்தில் அழுதேவிட்டான்.

மெய்யூர் சுகம், இளவரசி சுகம், இதைக் கேட்ட நீங்களும் சுகம்.