நாரையின் பெயரைச் சுமந்தவர்கள்

அந்தக் காலத்தில், பறவைகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, இங்கிலாந்தின் கிழக்கே கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பு நிலம்தான். அங்கே நாணல் அறுத்துப் பிழைத்தவன் ஆல்ரிக். ஊரில் யாருக்கும் குடும்பப்பெயர் கிடையாது. இருந்த பத்து வீட்டுக்கு அது எதற்கு?

நாணல் அறுப்பவர்களுக்கும் நாரைகளுக்கும் ஓர் உடன்பாடு இருந்தது. கூட்டைக் கண்டால் சுற்றியுள்ள நாணல்களை முடிச்சுப் போட்டுவிடுவார்கள். அங்கே அரிவாள் போகாது. பதிலுக்கு, வெள்ளம் வருமுன் நாரைகள் கத்தி ஊரை உஷார்படுத்தும்.

ஒரு வசந்தத்தில் ஆல்ரிக்கின் மனைவி எடித் காய்ச்சலில் விழுந்தாள். இந்த ஈரத்தில் கிடந்தால் பிழைக்கமாட்டாள் என்றார்கள். அந்த நேரம் பார்த்து, அந்த நிலத்தை ஆண்ட பிரபுவின் காரியஸ்தன் வந்தான். கல்யாண விருந்துக்கு நாரைகள் வேண்டுமாம். கூடுகளைக் காட்டுகிறவனுக்கு மேட்டில் ஈரம் படாத வீடு உண்டாம். உள்ளே எடித் இருமிக்கொண்டே இருந்தாள்.

"முடிச்சுப் போட்ட நாணலைப் பாருங்க" என்றான் ஆல்ரிக். பாவி, சொல்லிவிட்டான்.

மறுநாளே கூடுகள் எல்லாம் காலி. தப்பிய ஒரே பெண் நாரை அவன் வாசலில் வந்து நின்றது.

"காப்பாத்தத்தானே முடிச்சுப் போட்டே, ஆல்ரிக்?"

"எடித் செத்துடுவாளேன்னு பயந்துட்டேன்."

"என் குஞ்சுகளுக்கும் நான் அப்படித்தான் பயந்தேன்" என்றது நாரை. கடல் பக்கம் பறந்து போயிற்று.

மேட்டு வீட்டில் எடித் தேறினாள். ஆனால் இலையுதிர் காலத்தில் வெள்ளம் வந்தபோது குரல் கொடுக்க ஒரு நாரைகூட இல்லை. கீழே மூன்று வீடுகள் ஆட்களோடு போயின. மிஞ்சியவர்கள் ஆல்ரிக்கை அதன்பின் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை. தங்கள் பேச்சில் நாரைக்கு உள்ள 'க்ரேன்' என்ற சொல்லால் கூப்பிட்டார்கள். அவன் பிள்ளைகளையும் அப்படியே கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் அவன் நெஞ்சு வெந்தது.

மூன்று மகன்களும் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். சேர்ந்திருந்தால் கதையும் கூடவே வரும் என்று ஆளுக்கொரு திசை. போகிற இடத்தில் வேறு பெயர் சொல்லிக்கொள்வதாக மூத்தவன் சொன்னான்.

"மாத்திடாதீங்கப்பா" என்றான் ஆல்ரிக். "நாரைங்க இங்க வாழ்ந்துச்சுன்னு சொல்ல அந்தப் பேரை விட்டா வேற எதுவும் இல்ல."

அன்று முதல்தான் க்ரேன் என்ற குடும்பப்பெயர் ஒரே இடத்தில் தங்காமல், இங்கிலாந்து முழுவதும் இங்கொரு வீடு அங்கொரு வீடாகச் சிதறிக் கிடக்கிறது. அந்த வீடுகளில் பலர் ஒரு நாரையைக்கூடக் கண்ணால் கண்டதில்லை.