மேலைச் சுவரும் உலகம்மையாரும்

குன்றின்மேல் விளக்குக்கல்லுக்கு மேற்கே சுவர் எழுப்பியது விளக்கைக் காப்பதற்காகத்தான். ஆனால் சுவர் எழுந்த பிறகுதான் விளக்கு அணையத் தொடங்கியது. ஏன் என்று ஆவரங்குறிச்சியில் யாருக்கும் விளங்கவில்லை. கீற்று முடைந்து பிழைத்த உலகம்மையாருக்கும் விளங்கவில்லை. மற்றவர்கள் வாய்க்கு வந்த ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அம்மையாரால் அது முடியவில்லை.

ஆவரங்குறிச்சி மேற்குமலைக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள ஊர். ஆனி பிறந்ததும் சாரலும் காற்றும் கணவாய் வழியாக இறங்கிவரும். ஆவணி வரை ஓயாது. ஊரைச் சுற்றித் தென்னந்தோப்புகள். அவற்றில் விழும் மட்டைகளை அம்மையார் இழுத்துவந்து குளத்தில் ஊறப்போடுவார்; ஊறியதும் இரண்டாகக் கிழித்துக் கூரைக்குக் கீற்று முடைவார். ஓலையை மடக்கும் ஒவ்வொரு மடக்குக்கும் ஒரு ‘சிவசிவ’. மாலையில் கைகழுவிவிட்டுக் குன்றேறி, அருங்குன்றநாதர் கோயில் வாசலைக் கூட்டித் தெளித்து, விளக்குக்கல்லை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்குவார். அவருக்குத் தெரிந்த பூசை அவ்வளவே.

விளக்குக்கல் என்பது என்னவென்று சொல்லவேண்டும். ஊரில் யார் இறந்தாலும் பதினாறாம் நாள் அந்தியில் உறவினர் குன்றேறி அந்தக் கல்லின்மேல் மோட்ச விளக்கு ஏற்றுவார்கள். கீழே தெப்பக்குளத்துப் படிகளில் ஊர் முழுவதும் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். அந்த விளக்கு எரிகிற வரைக்கும் போனவரைப் பற்றிப் பேசவேண்டும். கண்ணீரோடு பேசலாம், சிரித்தும் பேசலாம். பொய் மட்டும் ஆகாது. எண்ணெய் தீர்ந்து விளக்கு அடங்கியதும் பேச்சும் அடங்கும். எல்லோரும் குளத்தில் கால் நனைத்துவிட்டு வீடு திரும்புவார்கள். மறுபடி ஏற்றும் வழக்கம் இல்லை. ஒருவர் இந்த ஊரில் வாழ்ந்தார் என்பதற்கு அந்த ஒரு மாலைப் பேச்சுத்தான் சாட்சி.

பண்ணையார் திரவியம் தம் தந்தையின் நினைவாக விளக்குக்கல்லுக்கு மேற்கே ஆளுயரத்துக்குச் செங்கல் சுவர் வைத்தார். காற்று படாமல் விளக்கு நிற்கட்டும் என்ற நல்லெண்ணம்தான். காற்றில்லாத மாதங்களில் விளக்கு நன்றாக நின்றது. ஆனியிலும் ஆடியிலும் ஏற்றிய சற்று நேரத்திலேயே அணைந்தது. காற்றுத்தான் அணைக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லையா என்று கேட்கலாம். தோன்றியது. ஆனால் காற்றை மறைக்கச் சுவர்தான் இருக்கிறதே! அவ்வளவு கெட்டிச் சுவரின் மறைவிலும் ஒரு விளக்கு அணைகிறதென்றால், நாதரே அந்த உயிரை ஏற்கவில்லை என்று ஊர் முடிவு கட்டியது. அதன்பின் தையில் இறந்தவர்கள் புண்ணியவான்களாகவும், ஆடியில் இறந்தவர்கள் பாவிகளாகவும் ஆனார்கள்.

அப்படிப் பாவியானவர்களில் அம்மையாரின் கணவர் குத்தாலமும் ஒருவர். மரமேறித் தேங்காய் பறித்தவர். ஓர் ஆனி மாதம் மழையில் வழுக்கி விழுந்து இறந்தார். அவருக்கு ஏற்றிய விளக்கு, அம்மையார் கையை எடுப்பதற்குள் போயிற்று. கீழே ஒருவரும் வாய் திறக்கவில்லை. எழுந்து கால் நனைத்துப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டு முப்பிடாதிக்கு வாய் சும்மா இராது. அம்மையார் மறுநாளே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு குன்றுக்குக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு, “என்ன உலகக்கா, உம்ம வீட்டுக்காரர் விளக்கை ஊதி அணைச்ச சாமிக்கா வாசல் தெளிக்கப் போறீரு?” என்று கேட்டாள்.

“அவரு ஊதலட்டி” என்றார் அம்மையார்.

“பொறவு யாரு ஊதுனா?”

“அதான் தெரியல. தெரிஞ்சா உனக்குத்தான் மொதல்ல சொல்லுவேன்.”

இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. நாதர் அணைக்கமாட்டார் என்பதில் அவருக்கு இம்மியும் ஐயமில்லை. அவர் அணைக்கவில்லையென்றால் வேறு ஏதோ அணைக்கிறது. அது எது என்பதுதான் கேள்வி.

ஆண்டுகள் சில சென்றன. ஓர் ஆனியில் ஊருக்குள் விஷக்காய்ச்சல் புகுந்தது. சாவுகள் அடுத்தடுத்து விழுந்தன. விளக்குகளும் அடுத்தடுத்து அணைந்தன. ஊரில் பாதிப்பேரைப் பிரசவம் பார்த்து எடுத்த மருத்துவச்சி பேச்சியம்மாளும் படுக்கையில் விழுந்தார். அவருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அம்மையார்தான் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போவார்.

“உலகம்மா, நான் இந்தக் காத்துக்காலத்தைத் தாண்டமாட்டேன்” என்றார் பேச்சியம்மாள். “தை வரைக்கும் இழுத்துப் புடிச்சிரலாம்னு பாத்தேன், முடியல. என் விளக்கும் பொசுக்குனு போயிரும். என்னப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டாவ, இல்லியா?”

அம்மையார் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். “பேசுவாவ. உம்ம விளக்கு நிக்கும். நான் நிறுத்துதேன்.”

“எப்படிளா?”

“அது எனக்கே தெரியாது. ஆனா நிறுத்துதேன்.”

ஆடி பிறந்ததும் பேச்சியம்மாள் கண்மூடினார். பதினாறாம் நாளுக்குள் அம்மையார் தாம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டும்.

அன்றிலிருந்து நண்பகலில் கீற்று வேலையைப் போட்டுவிட்டு, ஓர் அகலோடு குன்றேறினார். சுவரருகே அகலை ஏற்றி, எதிரே குந்தியிருந்து, அது எப்படிச் சாகிறது என்று பார்த்தார். பார்க்கப் பார்க்க ஒரு விந்தை தெரிந்தது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. சுடர் சாய்வதானால் கிழக்கே சாயவேண்டும். அதுவோ மேற்கே, சுவரைப் பார்த்துச் சாய்ந்தது! யாரோ கிழக்கிலிருந்து ஊதுவதுபோல் இரண்டுமுறை துடித்து அணைந்தது.

மறுநாள் முறத்தில் அடுப்புச் சாம்பல் கொண்டுபோனார். சுவருக்கு அப்பால் நின்று ஒரு பிடி தூவினார். காற்று ஓடிவந்தது; சுவரில் முட்டியது; நுழைய வழியில்லாமல் மேலேறிக் குதித்தது. குதித்த வேகத்தில் தரையில் விழுந்து, உருண்டு, திரும்பிச் சுவரடிக்கே வந்தது. சாம்பல் முழுவதும் விளக்குக்கல்லின்மேல் சக்கரம்போல் சுழன்றது. அம்மையாருக்கு, குளம் நிரம்பினால் நீர் வழிந்தோடும் மறுகால் நினைவு வந்தது. மறுகால் கட்டையைத் தாண்டி விழும் வெள்ளம் அப்படியே ஓடிவிடுவதில்லை. கட்டைக்குக் கீழேயே குழி பறித்துச் சுற்றும். அங்கே விழுந்த மட்டையை எடுக்கப் போய் அவரே ஒருமுறை சுழலில் மாட்டியதுண்டு. கட்டை உயர்ந்தால் சுழலும் பெருகும். சுவரின் கதையும் அதுதான். காற்றைத் தடுக்க வைத்த சுவர், ஓடிப் போகிற காற்றைப் பிடித்துச் சுழற்றி விளக்கின்மேல் போட்டுக்கொண்டிருந்தது.

காரணம் தெரிந்தது, வழி தெரியவில்லை. சுவரே இல்லாத பாறை விளிம்பில் அகலை வைத்துப் பார்த்தார். நேர்க்காற்றில் உடனே போயிற்று. நெருக்கமாக முடைந்த புதுக் கீற்றைக் குறுக்கே நிறுத்தினார். சுவருக்கு நேர்ந்ததே கீற்றுக்கும் நேர்ந்தது. சற்று உயரமாக நிறுத்தியபோது காற்று கீற்றையே பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தது. கையில் வேறு புதுக்கீற்று இல்லை. கோயில் மடைப்பள்ளிக் கூரையிலிருந்து கழற்றிப் போட்ட பழங்கீற்று ஒன்று கிடந்தது. ஓலை பாதிக்குமேல் உதிர்ந்து வானம் தெரிகிற கீற்று. ‘இதையும்தான் வைத்துப் பார்ப்போம்’ என்று நிறுத்தினார்.

சுடர் நடுங்கியது. சாய்ந்தது. பிறகு நிமிர்ந்து நின்றது. எண்ணெய் தீரும்வரை நின்றது.

அம்மையார் மறுபடி சாம்பல் தூவினார். இம்முறை சாம்பல் மேலேறிக் குதிக்கவில்லை. ஓட்டைகளின் வழியே பிரிந்து, வேகம் இழந்து, ஊர்ந்து கடந்துபோயிற்று. குதித்தால்தானே சுழலும்! சந்தையில் ஓடிவந்த கூட்டம் பல சந்துகளில் பிரிந்து நடந்துபோவதைப்போல் இருந்தது அது. அம்மையார் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பூசகர் நாறும்பூநாதர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அட பாவமே! சுவர் வைக்க முந்தி அங்கன ஒரு இண்டம்முள்ளுப் புதர் கெடந்துது. அசிங்கமா இருக்குன்னு நாமதானே வெட்டிப் போட்டோம்! அது இருந்த காலத்துல எந்த ஆடியிலயும் விளக்கு அணைஞ்சதில்ல.”

அம்மையார் நேரே பண்ணையாரிடம் போனார்.

“எங்கப்பா நெனப்பா நிக்குத சொவரு அது” என்றார் பண்ணையார். “அதை இடிக்கச் சொல்லுதியா?”

“இடிக்க வேண்டாம் அய்யா. ஒரு கல்லு விட்டு ஒரு கல்லு உருவுனாப் போதும்.”

“ஓட்டைச் சொவரு காத்தைத் தடுக்குமா? கேக்குதவன் சிரிப்பான். அந்த விளக்கு நாதர் அணைக்குதது, உலகம்மா.”

“விளக்கு ஏத்தச் சொன்னவரே அவருதான் அய்யா. அணைக்குத வேலை அவருக்கு எதுக்கு?”

பண்ணையாருக்குக் கோபம் வந்தது. “கீத்து முடையுதவ கொத்தனாரா ஆயிட்டியோ? போ, போ.”

பதினாறாம் நாள் விடிந்தது. அம்மையார் வழக்கம்போல் வாசல் தெளித்தார். “அப்பனே, நான் கண்டதைச் சொல்லிட்டேன். இனி நீதான் சொல்லணும்” என்று மட்டும் வேண்டிக்கொண்டு வந்து கீற்று முடைய உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் பண்ணையார் சாய்வுநாற்காலியில் கண்ணயர்ந்தார். கனவில் ஒரு கிழவர் வந்தார்; உடம்பெல்லாம் வியர்வை, அதில் திருநீறு கரைந்து வழிந்தது. மேல்துண்டால் விசிறிக்கொண்டே, “ஏ திரவியம், மேக்கால ஒரு சன்னல்கூட இல்லாம எனக்கு வீடு கட்டிப்போட்டியே, ரொம்பப் புழுங்குதுடே” என்றார். “அவ கேட்ட கல்லை உருவிக் குடு. நாதர் அணைச்சார்னு என் பேரைச் சொல்லி இத்தன பேரு கதைய முடிச்சுவச்சது போதும்.”

பண்ணையார் துள்ளி எழுந்தார். அவர் உடம்பும் நனைந்திருந்தது. கடப்பாரையைத் தாமே தோளில் போட்டுக்கொண்டு, அம்மையார் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட வந்த கொத்தனார் விழித்துக்கொண்டு நின்றார்.

“தாயி, எந்தக் கல்லுன்னு நீயே வந்து தொட்டுக் காட்டு” என்றார்.

அம்மையார் தொட்டுக் காட்டிய கற்களைப் பண்ணையாரே பெயர்த்தார். அடியில் சில வரிசைகளை விட்டுவிட்டு, மேலே ஒன்று விட்டு ஒன்றாக உருவி முடித்தபோது, சுவர் பழங்கோயிலில் ஓட்டை ஓட்டையாக இருக்கும் கல் பலகணியைப்போல் நின்றது. அந்தியும் வந்தது. மலைக்காற்றும் முழு வேகத்தில் வந்தது. பேச்சியம்மாளுக்கு உறவினர் இல்லாததால் அம்மையாரே விளக்கை ஏற்றினார்.

குளத்துப் படிகளில் எல்லோரும் எழுந்து போகத் தயாராகவே உட்கார்ந்திருந்தார்கள். விளக்கு நடுங்கியது. சாய்ந்தது. நின்றது.

எழப்போனவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு ஒரு பெண் சொன்னாள்: “எம் மவன் காலு முந்தி வந்தான். வெளிய இருந்தே தடவித் தடவித் திருப்புனது பேச்சியம்மாதான்.”

“கை பஞ்சு, வாயி நெருப்பு” என்றாள் இன்னொருத்தி. “வலியில கத்துனா, ‘ஏட்டி, ஊரைக் கூட்டியா பிள்ளை பெறப்போற’ம்பா. அதைக் கேட்டுச் சிரிச்ச சிரிப்புலயே பெத்துட்டேன்.”

படிகளில் சிரிப்பு பரவியது. குன்றிலிருந்து இறங்கிவந்திருந்த பண்ணையாரும் எழுந்தார். “என்னயும் அவதான் எடுத்தா. அழாம நீலம்பாரிச்சுக் கெடந்தேனாம். ரெண்டு போடு போட்டாளாம். அன்னைக்குத் தொறந்த வாயி, இன்னும் மூடல.”

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது, அழவும் செய்தது. எண்ணெய் தீரும்வரை பேசினார்கள். விளக்கு தானாக அடங்கியபோது, பூசகர் குன்றின்மேல் நின்றபடி குரல் கொடுத்தார்: “நாதர் அணைக்காத விளக்கை அணைச்சார்னு சொன்னோம். அந்த விளக்கெல்லாம் நாம பட்ட கடன். நாளைலேருந்து ஒவ்வொண்ணா ஏத்துவோம். மொத விளக்கு குத்தாலத்துக்கு!”

மறுநாள் காற்று இன்னும் கடுமையாக இருந்தது. குத்தாலத்தின் விளக்கு அசையாமல் எரிந்தது. முதலில் எழுந்து பேசியவள் முப்பிடாதி.

“எங்க வீட்டுக் கூரை பறந்த அன்னைக்கு, கொட்டுத மழையில ஏறிக் கீத்துக் கட்டுனது குத்தாலண்ணன். நான் அந்த வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டுத்தான் இம்புட்டு நாளும் அக்காவை ஏசுனேன்.”

தோப்புக்காரர் ஒருவர் தொடர்ந்தார். “மரத்தடியில யாருமே இல்லாட்டியும், ‘தள்ளி நில்லுங்க’ன்னு சத்தம் குடுத்துட்டுத்தான் காயை வெட்டுவான். யாருக்குல சொல்லுதன்னு கேட்டா, ‘எறும்புக்கு அண்ணாச்சி’ம்பான்.”

அம்மையார் அன்று குன்றின்மேல் இல்லை. படியில், ஊரின் நடுவில் உட்கார்ந்து, தம் கணவரைப் பற்றித் தமக்கே தெரியாத செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆவணி முடிவதற்குள் காய்ச்சலில் போனவர்களும், அதற்கு முன் போனவர்களும் ஒருவர் விடாமல் ஊர்வாயில் இடம்பெற்றார்கள்.

தம் இறைவன் கொடியவன் அல்லன் என்று நம்பி, அந்த நம்பிக்கைக்காகச் சாம்பலும் பழங்கீற்றும் சுமந்து குன்றேறிய உலகம்மையாரின் திருவடி வாழ்க. அவர் கண்ட வழியை ஆவரங்குறிச்சிக் கொத்தனார்கள் இப்படிச் சொல்வார்கள்: விளக்குக்கு மேற்கே கெட்டிச் சுவர் வைக்காதே, ஒரு கல் விட்டு ஒரு கல் வை, காற்று பிரிந்து, தணிந்து, கடந்து போகும், விளக்கு நிற்கும்.