உப்புத்தாள் படக்கூடாத பலகை

இந்தக் கதைக்குப் பாதியிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்ன சிலர் முடிவில் மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களில் நானும் ஒருவன்.

பாளையங்கோட்டையில் கொம்பையா என்றொரு பாலிஷ்காரர் இருந்தார். பழைய மரச்சாமான்களைத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துக் கொடுப்பவர். சொன்ன நாளில் தராவிட்டாலும் சொன்னபடி தருவார் என்று பெயர் வாங்கியவர். ஒரு திங்கட்கிழமை ரெஜினா என்ற தையல் பள்ளி ஆசிரியை அவருடைய பட்டறைக்கு வந்தாள். குழந்தைகள் உட்காரும் சிறிய மர நாற்காலி ஒன்றை ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் கணவன் தனராஜ் சின்ன வயதில் உட்கார்ந்த நாற்காலி. அதன்மேல் எத்தனை தடவை பெயிண்ட் அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. உட்காரும் பலகையில் மட்டும் மூன்று நீல மீன்கள் இருந்தன.

மீன்களை வரைந்தவள் அவர்களுடைய மூத்த மகள் பெனிட்டா. வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டை விரலில் தொட்டு வரைந்தாள். அந்த வருடமே, ஏழு வயதில், மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். நான்கு வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது ஒன்றரை வயதில் மகன் ஜோயல் இருக்கிறான். பெனிட்டாவின் கவுன்களை வெட்டித்தான் ரெஜினா அவனுக்குச் சட்டை தைத்துப் போடுகிறாள். நாற்காலியும் அவனுக்காகத்தான்.

"காலு, கைப்பிடி, முதுகு எல்லாம் உங்க இஷ்டம் அண்ணாச்சி. மஞ்சளோ பச்சையோ அடிங்க. இந்தப் பலகையில மட்டும் உப்புத்தாள் படக்கூடாது."

"படாதும்மா."

"இப்பத் தலையாட்டிட்டு, பெறவு பழக்கதோஷத்துல ஒரு இழுப்பு இழுத்துரக்கூடாது."

"வாக்குன்னா வாக்குதாம்மா. மீனுக்கு மேல வார்னிஷ் மட்டும் அடிச்சுத் தாரேன். துள்ளிக் குதிக்கும், பாருங்க."

ரெஜினா சிரித்தாள். ஒரு சீட்டில் தன்னுடைய போன் எண்ணை எழுதினாள். வகுப்பில் இருந்தால் எடுக்கமுடியாது என்று, அதற்குக் கீழே கணவனுடைய எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கொம்பையா நாற்காலியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பலகையின் முன் விளிம்பில் பல்தடங்கள். சின்னப் பற்கள். அந்த இடத்தில் பெயிண்ட் செதில்செதிலாகப் பெயர்ந்து மரம் வெளுப்பாகத் தெரிந்தது. பெயர்ந்தது பிள்ளையின் வயிற்றுக்குள் போயிருக்க வேண்டும்.

வேறொரு பாலிஷ்காரர் இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். கொம்பையாவுக்கு முந்தைய வருடம் ஓயாத வயிற்றுவலி. ரத்தத்தைச் சோதித்த டாக்டர், பழைய பெயிண்டில் ஈயம் உண்டு, அந்தத் தூசிதான் உமக்கு வினை என்றார். சின்னப் பிள்ளைகள் வயிற்றில் போனால் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும் என்றும் சொன்னார். மேலே வார்னிஷ் அடிக்கலாம். கடிக்கிற பிள்ளைக்கு வார்னிஷ் எத்தனை நாள் தாங்கும்?

சீட்டை எடுத்தார். இரண்டாவது எண்ணுக்கு அழைத்தார்.

மதியச் சாப்பாட்டு இடைவேளையில் தனராஜ் வந்தான். எல்லாவற்றையும் கேட்டான். மீன்களின்மேல் கையை வைத்தான்.

"தேச்சிருங்க அண்ணாச்சி."

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அவகிட்ட கேட்டா விடமாட்டா. நாற்காலியத் தூக்கிட்டுப் போயிருவா. பெயிண்ட் உரிக்கிற மருந்து பட்டுத் தானா அழிஞ்சுபோச்சுன்னு சொல்லிருங்க."

"வாக்கையும் முறிச்சுட்டு, பொய்யும் நானே சொல்லணுமாக்கும்? நல்லாருக்கே தம்பி உங்க நியாயம். நீங்க என்ன செய்யப்போறீய?"

இடைவேளை முடிந்துவிட்டது என்று தனராஜ் கிளம்பிப் போனான்.

கொம்பையா மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, தூசி பறக்காமல் தண்ணீர் தொட்டுத் தொட்டு, மரம் தெரியும்வரை நாற்காலி முழுவதையும் தேய்த்தார். மீன்களைக் கடைசியாகத் தேய்த்தார். பிறகு ஈயம் கலக்காத மஞ்சள் பெயிண்டை இரண்டு கோட் அடித்தார்.

சனிக்கிழமை ரெஜினா வந்தாள். பலகையைத் தடவிப் பார்த்தாள்.

"மீன் எங்க அண்ணாச்சி?"

"தேச்சிட்டேம்மா. நான்தான்."

பல்தடத்தைச் சொன்னார். ஈயத்தைச் சொன்னார். மருந்தின்மேல் பழி போடவில்லை. தனராஜ் வந்துபோனதையும் சொல்லவில்லை. ரெஜினா திட்டவில்லை.

"ஒரு போன் போட்டிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டில் தனராஜ் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தான். "மீனைக் காணோமே?" என்றான்.

"அவரு பெரிய வாக்குக்காரரு" என்றாள் ரெஜினா. ஜோயல் அன்றைக்கே அதில் ஏறி உட்கார்ந்து விளிம்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது சொல்லுங்கள். தேய்க்காதே என்று வாக்கு வாங்கிய ரெஜினா, தேய்க்கச் சொல்லிவிட்டுத் தெரியாதவன்போல் நின்ற தனராஜ், தேய்த்த கொம்பையா. ரெஜினாவுக்குச் சேரவேண்டியதைப் பறித்தது யார்?

விடை: தனராஜ் என்றுதான் நான் வெகுநாள் சொல்லிவந்தேன். அவன் கோழை, சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு வாக்குக் கொடுத்தவன் அவன் இல்லையே. தேய்த்ததற்காகக் கொம்பையாவையும் குறை சொல்லமுடியாது. பிள்ளையின் உடம்புக்கு முன்னால் எந்த வாக்கும் நிற்காது. ஆனாலும் ஒரு வாக்கிலிருந்து நம்மை விடுவிக்கும் உரிமை அதை வாங்கியவருக்கு மட்டுமே உண்டு. முதல் எண்ணைத் தாண்டி இரண்டாவது எண்ணை அழுத்தியபோதே கொம்பையா தவறிவிட்டார். தாயிடம் சொல்லவேண்டிய சங்கடத்துக்குப் பயந்தார். தனராஜைக் காட்டிக்கொடுக்காததைப் பெருந்தன்மை என்கிறார்கள். அதிலும் அதே பயம் கொஞ்சம் இருந்ததோ என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் இடத்தில் நான் எந்த எண்ணை அழுத்தியிருப்பேன் என்று கேட்டால் என்னால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை. மகளின் கவுனை வெட்டி மகனுக்குத் தைத்தவள் மீன்களுக்காக அவனை நோகவிட்டிருப்பாளா? பலகையை மட்டும் கழற்றிக் கேட்டிருப்பாளோ, உப்புத்தாளைத் தானே வாங்கித் தேய்த்திருப்பாளோ, தெரியாது. மகள் விட்டுப்போனதை மகனுக்காக விட்டுக்கொடுப்பது ஒரு தாய் செய்யவேண்டிய காரியம். அதை அவளுக்குத் தெரியாமல் இரண்டு ஆண்கள் செய்து முடித்துவிட்டார்கள்.