யாருக்குப் பிடித்த பீப்பாய்

"என்னால முடியல மேடம். இன்னியோட நான் நின்னுக்கறேன்."

கலியமூர்த்தி வாத்தியார் இப்படிச் சொன்னபோது ஜெசிந்தா மேடம் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தவில்லை.

இடம், புதுச்சேரிக்கு வெளியே ஒரு சின்ன விஸ்கி ஆலை. விஸ்கியா என்று மூஞ்சியைச் சுளிக்க வேண்டாம். ஞானம் கோயில் வாசலில்தான் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அங்கே வடிப்பது ரை விஸ்கி. ரை என்பது குளிர்நாட்டுத் தானியம், கோதுமைக்குத் தூரத்துச் சொந்தம். அதில் வடித்தது நாக்கில் மிளகு மாதிரி சுருக்கென்று ஏறும். ஒரே நாளில் ஊற்றி வைத்தாலும் ஒரு பீப்பாய் மாதிரி இன்னொரு பீப்பாய் இருக்காது. எது பாட்டிலுக்குப் போகலாம் என்று முகர்ந்து சொல்வது ஜெசிந்தா மேடத்தின் வேலை. அந்த மூக்குக்கு ஊரில் அப்படி ஒரு பெயர்.

வாத்தியார் மேடத்தைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தியவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வித்தையைக் கற்க வந்துவிட்டார். அதற்கு வீட்டில் நடந்த சண்டையைக் கேட்காதீர்கள். மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"எதுக்கு நிக்கணும் சார்?"

"எனக்குன்னு ஒரு நாக்கு இல்லை மேடம். வந்து ஒரு வருஷம் ஆச்சு. நீங்க எதை நல்லாருக்குன்னு சொல்றீங்களோ, எனக்கும் அதேதான் நல்லாருக்கு. ஒரு தடவைகூட மாறினதில்லை."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? நாளைக்கு முதலாளி நம்ம ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உட்கார வச்சு முகரச் சொல்லப்போறார். தேறினாத்தான் என்னை வச்சுக்குவாங்க. நீங்க எதிர்ல இல்லைன்னா நான் ஒண்ணுமே இல்லை. மானம் போறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

பாவம், இந்த வேலைக்காகத்தானே அத்தனை பேச்சும் வாங்கினார்.

மேடம் மூன்று நீலக் கிளாஸ்களை வரிசையாக வைத்தார். நிறத்தைப் பார்த்து மூக்கு ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக நீலம். மூன்று பீப்பாய் ரையை ஊற்றி, கிளாஸுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் மேடம் முகர்வார், வாயைத் திறக்கமாட்டார். அடுத்து வாத்தியார் முகர்வார். அதன் பிறகுதான் மேடம் தீர்ப்புச் சொல்வார். வயதுக்குத் தரும் மரியாதை என்று வாத்தியார் நினைத்திருந்தார்.

"இன்னிக்கு நீங்க சொல்லுங்க. எது?"

வாத்தியார் முகர்ந்தார். முதலாவதில் வெல்லமும் வெனிலாவும் இருந்தன. இரண்டாவதில் மிளகும் கிராம்பும். மூன்றாவதை முகர்ந்தவர் கீழே வைக்காமல் மறுபடி முகர்ந்தார். பிறகு சட்டென்று வைத்துவிட்டு மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

மேடம் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாவது," என்றார் வாத்தியார். "அதுதானே மேடம்?"

"என்னைக் கேக்கறீங்களா, சொல்றீங்களா?"

"தெரியலையே!"

அந்த நேரம் பார்த்துக் கேன்டீனில் யாரோ கருவாட்டைச் சட்டியில் போட்டார்கள். வாத்தியார் அடித்துப்பிடித்து எழுந்து ஜன்னலைச் சாத்தினார்.

"எதுக்கு சார் சாத்துறீங்க? புழுக்கமா இருக்கு. காத்து வரட்டும்."

வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

"கருவாடு மேடம்."

"எங்க?"

அறை முழுக்க நெத்திலிக் கருவாடு நாறுகிறது. கேட்கிறார், எங்கே என்று!

வாத்தியார் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"மேடம்... உங்களுக்கு வாசனை வரலையா?"

மேடம் துணியை மடித்து வைத்தார்.

"நீங்க சேர்ந்த மாசம் எனக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சே, அன்னிக்குப் போனது. வந்துடும் வந்துடும்ங்கறார் டாக்டர். வரலை. கருவாடும் இல்லை, மல்லிப்பூவும் இல்லை. விஸ்கி வெறும் சுடுதண்ணியா இறங்குது."

வாத்தியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப இந்த ஒரு வருஷமா? கண்ணை மூடிக்கிட்டு ஏதோ ஒரு பீப்பாயில கைய வச்சீங்களா?"

"கண்ணைத் திறந்துகிட்டுதான் சார் வச்சேன். உங்க மூஞ்சியைப் பார்த்து."

"என் மூஞ்சியா?"

"பிடிச்சா உங்க இடது புருவம் தானா ஏறும். ஏறினதும் நான் இதுதான்னு சொல்லிடுவேன். பயந்து பயந்துதான் சொன்னேன், என்ன பண்றது!"

வாத்தியார் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப வெளிய போன பாட்டில் எல்லாம்..."

"உங்களுக்குப் பிடிச்சதுதான். நான் இனிப்பு ஆளு. என் மூக்கு இருந்தப்ப நம்ம சரக்கு வெல்லமா இருக்கும். இப்ப காரம் ஏறிப்போச்சுன்னு கடைக்காரங்க சொல்றாங்க. சில பேர் கோவிச்சுக்கிட்டு வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. சில பேர் இது வேணும்னே தேடி வர்றாங்க."

வாத்தியார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் புருவம் மூணாவதுக்கு ஏறுச்சு. வாய் மட்டும் முதலாவதுன்னுச்சு. ஏன் சார்?"

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"அது விஸ்கி வாசனையே இல்லை மேடம். ஓமத்தண்ணி. எம்பொண்ணு கைக்குழந்தையா இருந்தப்ப வயித்துவலின்னு கொடுப்போம். குடிச்சிட்டு என் தோள்லயே தூங்கிடும். அந்த வாசனை. இதைப் போய் முதலாளிகிட்ட எப்படிச் சொல்றது? சிரிக்கமாட்டாரா?"

"நாளைக்கு அவர்கிட்ட என் மூக்கு போன கதையைச் சொல்லிடப்போறேன். அதுக்கு அப்புறம் என் வேலை இருக்குமோ, போகுமோ. அதைக் கேட்டுட்டு உங்களைப் பார்த்துச் சிரிக்க அவருக்குத் தெம்பு இருக்காது. நீங்க எதைச் சொல்லப்போறீங்க?"

வாத்தியார் மூன்றாவது கிளாஸை எடுத்தார். இந்தத் தடவை மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

"இதைத்தான்."

மேடம் கையை நீட்டி அந்தக் கிளாஸை வாங்கினார். மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, இழுத்து இழுத்து முகர்ந்தார்.

பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஓமத்தண்ணி எப்படி இருக்கும் சார்? எனக்கு மறந்துகிட்டே வருது. கொஞ்சம் சொல்லுங்களேன்."