காய்ச்சல் குறைந்த வார்டு

"இன்னிக்குப் பெரிய டாக்டர்தான் வர்றாரு. காய்ச்சல்னு வாயத் திறந்துராத. சிரப்பைக் குடுத்துக் கூட்டிட்டுப் போயிரு. மெஷின்ல ஒண்ணும் காட்டாது."

"காலையிலயே குடுத்துட்டேன்க்கா."

தட்டுக் கழுவும் இடத்தில், தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

இந்தப் பக்கம் டாக்டர் தனசேகர் நின்றிருந்தார். சோப்பு இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்.

அவர் சுற்றிக்கொண்டு போவதற்குள் இருவரும் போய்விட்டார்கள். குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அது ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் வார்டு. மருந்தால் வெள்ளை அணுக்கள் குறைந்துபோன நாட்களில் அங்கே காய்ச்சல் என்பது வெறும் காய்ச்சல் இல்லை. ஒரு மணி நேரத்துக்குள் கிருமியைக் கொல்லும் ஊசி போட வேண்டும். தாமதித்தால், காலையில் இட்லி கேட்ட குழந்தை மாலையில் இல்லாமல் போகலாம்.

தனசேகர் மாடிப்படி ஏறினார். அந்த உடம்போடு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார்.

*

மாடியில் டாக்டர் ஜெசிந்தாவின் அறை. அவர்தான் வார்டின் தலைவர். வயது நாற்பதுக்குள்.

தனசேகருக்கு ஐம்பத்தாறு. பெரியகுளத்தில் கைராசிக்காரர் என்று பெயர் எடுத்த குழந்தை மருத்துவர். கிளினிக்கை மகளிடம் விட்டுவிட்டு, ஆராய்ச்சி கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்திருந்தார்.

தலை நரைத்திருந்ததால் தாய்மார்களுக்கு அவர் பெரிய டாக்டர். ஜெசிந்தா சின்ன டாக்டர். ஜெசிந்தா அதைத் திருத்தவில்லை. தனசேகரும் திருத்தவில்லை.

தனசேகரின் ஆராய்ச்சி எளிமையானது. தாய்மார்களுக்குச் சுத்தம் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறையுமா?

கை கழுவ வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும். வெளிச்சாப்பாடு கூடாது. காய்ச்சல் என்று ஒருத்தி வந்து நின்றால், தனசேகர் சத்தம் போட்டுக் காரணத்தைத் தோண்டி எடுத்துவிட்டுத்தான் விடுவார்.

காய்ச்சல் பாதியாகக் குறைந்தது.

போன வாரம் அந்தக் கணக்கை ஜெசிந்தாவிடம் காட்டினார். ஜெசிந்தா வெகுநேரம் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். காய்ச்சல் குறைஞ்சிருக்கு. ஐ.சி.யூ.வுக்குப் போற பிள்ளைங்க ஏன் குறையல?"

அந்தக் கேள்வி தனசேகருக்குப் பிடிக்கவில்லை.

*

"மேடம், தாய்மார் பொய் சொல்றாங்க."

மூச்சு வாங்கியபடி, தட்டுக் கழுவும் இடத்தில் கேட்டதைத் தனசேகர் சொன்னார்.

ஜெசிந்தா போனை எடுத்தார். "சிஸ்டர், இப்ப யாரையும் வீட்டுக்கு அனுப்பாதீங்க. டிஸ்சார்ஜ் ஆகுற எல்லாப் பிள்ளைங்களுக்கும் பி.பி. பாருங்க. ரத்தம் எடுங்க."

போனை வைத்தார்.

"ரத்த ரிப்போர்ட் வர நேரமாகும். அதுவரைக்கும் எந்தப் பிள்ளைன்னு அந்த ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

"நான் போய் விசாரிக்கிறேன்."

"விசாரிங்க. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் உக்காருங்க சார்."

தனசேகர் உட்கார்ந்தார்.

ஜெசிந்தா எழுந்து வந்து அவருக்கு முன்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். புருவத்தைக் கொஞ்சம் உயர்த்தினார். தனசேகர் வார்டில் நிற்பது அப்படித்தான்.

"இன்னிக்குக் காலையில எத்தனை தடவை கை கழுவுனீங்க?"

"மேடம், நேரமாகுது..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. வெளியில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லை மேடம்."

பதில் உடனே வந்தது. யோசிக்கவே இல்லை.

ஜெசிந்தா மேஜையிலிருந்து ஒரு டிஷ்யூத் தாளை எடுத்து நீட்டினார்.

தனசேகர் குனிந்து பார்த்தார். சட்டையில், இரண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சொட்டுத் தேங்காய்ச் சட்னி காய்ந்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் உள்ள கடை வடை.

துடைத்தார். முழுதும் போகவில்லை.

"நான் ஏன் மேடம் இல்லைன்னு சொன்னேன்?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? நீங்க கேக்குற மாதிரிதான் நான் கேட்டேன்."

தனசேகர் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"அப்ப நான் போய் என்ன கேக்கணும்?"

ஜெசிந்தா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

*

வீட்டுக்குப் போகவிருந்த பிள்ளைகளின் தாய்மார் பைகளைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏன் நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் மொட்டைத் தலையோடு கட்டில்களில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் படுத்திருந்தான்.

தனசேகர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி அவசரமாகப் பிஸ்கட் பாக்கெட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள்.

தனசேகர் நடுவில் வந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டப் போனவர், தொங்கவிட்டார்.

"நான் காலையில வாசல் கடையில வடை தின்னேன்," என்றார்.

தாய்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சின்ன டாக்டர் கேட்டப்ப இல்லைன்னுட்டேன்."

மூலையில் ஷாமிலா என்ற பெண் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மகளுக்கு இரண்டாம் வருடச் சிகிச்சை. வார்டில் எல்லோருக்கும் அவள் அக்கா.

"உங்கள்ல ஒருத்தர் பிள்ளைக்குக் காலையில காய்ச்சல் இருந்திருக்கு. சிரப் குடுத்திருக்கீங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. நான் கத்துவேன்னு பயந்து சொல்லாம இருக்கீங்க. அந்தப் பயம் நான் குடுத்தது."

பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான் டாக்டராகி வந்த புதுசுல, எங்க ஊர்ப் பக்கம் இந்த வியாதின்னா பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகச் சொல்லிருவோம். இப்ப நிறையப் பிள்ளைங்க பிழைக்குது. நாங்க படிச்சதால மட்டும் இல்ல. அப்ப இருந்த அம்மாமார் ஒவ்வொருத்தரா வந்து சொன்னாங்க. இந்த மருந்துக்கு அப்புறம் வாய் புண்ணாச்சு, இதுக்கு அப்புறம் காய்ச்சல் வந்துச்சு, இப்படித்தான் மூச்சு வாங்குச்சுன்னு. அதை வெச்சுத்தான் ஒவ்வொண்ணாக் கத்துக்கிட்டோம். அவங்கள்ல பல பேருக்குப் பிள்ளை தங்கல. அப்பவும் சொல்லிட்டுத்தான் போனாங்க."

வார்டில் ஒரு பொம்மைக் கார் சுவரில் மோதி நின்றது.

"இனிமே கத்த மாட்டீங்களா சார்?" என்றாள் ஷாமிலா.

"கத்துனா நீங்க என்னைத் திட்டுங்க."

"எங்க ஊர்த் திட்டு உங்களுக்குத் தாங்காது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள், சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரி எழுந்தாள். படுத்திருந்தது அவள் மகன்.

"சார், கபிலேஷுக்குத்தான்."

"எப்பம்மா?"

"விடியறப்ப. உடம்பு அனலாக் கொதிச்சுச்சு. சிரப் குடுத்தேன். அடங்கிருச்சுன்னு நெனச்சேன்."

தனசேகரின் வாய் திறந்தது. 'ஏன்' என்ற சொல் பல் வரை வந்துவிட்டது. அதை விழுங்கினார்.

"நல்ல வேளை சொன்னீங்க," என்றார்.

சொல்லிக்கொண்டே கட்டிலை நோக்கி நடந்தார். பையனின் நெற்றியையும் கையையும் தொட்டார். நெற்றி குளிர்ந்திருந்தது. விரல் நுனிகள் அதைவிடக் குளிர்ந்திருந்தன.

"சிஸ்டர், ஊசி."

*

மற்ற தாய்மார் ஒருவர் பின் ஒருவராகப் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போகும்போது பாண்டீஸ்வரியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

கபிலேஷின் ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது. சலைன் ஏற்றினார்கள். ஜெசிந்தா வந்து நின்றார். ஐ.சி.யூ.வில் ஒரு படுக்கையைத் தயாராக வைக்கச் சொன்னார். மதியம் வரை தனசேகர் கட்டிலை விட்டு நகரவில்லை.

மதியத்துக்கு மேல் அழுத்தம் இறங்குவது நின்றது. ஏறவும் தொடங்கியது. காய்ச்சல் திரும்ப வந்திருந்தது. ஆனால் விரல்கள் சூடாகிவிட்டன.

"அம்மா, ஆம்லேட் வேணும்," என்றான் கபிலேஷ்.

ஜெசிந்தா ஐ.சி.யூ.வுக்குப் போன் செய்து படுக்கை வேண்டாம் என்றார்.

வராந்தாவில் தனசேகர் அவருடன் நடந்தார்.

"மேடம், இனிமே காய்ச்சல் கணக்கு கூடும்."

"கூடட்டும் சார்."

"என் ஆராய்ச்சியில ஒண்ணும் மிஞ்சாது."

ஜெசிந்தா நின்றார். "என் கேள்விக்கு இன்னிக்குக் காலையில பதில் ஒண்ணு கிடைச்சுதே," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

*

தனசேகர் திரும்பி வந்தபோது பாண்டீஸ்வரி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"பையன் தேறிட்டான்மா."

"தெரியும் சார். உங்களுக்கெல்லாம் புண்ணியம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இது மூத்தவளுக்காக."

"யாரு?"

"யோகஸ்ரீ. ரெண்டாப்பு படிக்கிறா. மாமியார்கிட்ட விட்டுட்டு வந்தேன். தீபாவளிக்கும் போகல. இன்னிக்கு வர்றேன்னு சொல்லியிருந்தேன். பள்ளிக்கூடம் போகாம ரோட்டுலயே நிக்கிறாளாம். ஒவ்வொரு பஸ்ஸா பாத்துக்கிட்டு."

தனசேகர் சன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"காய்ச்சல்னா இன்னும் பத்து நாள் இங்கதான்னு தெரியும். அதான் சார் சொல்லல. உங்களுக்குப் பயந்து மட்டும் இல்ல."

"எந்த ஊரும்மா?"

"தேவதானப்பட்டி."

தனசேகர் வராந்தாவுக்குப் போய்த் தன் மனைவிக்குப் போன் செய்தார்.

"சாந்தா, கார் வீட்டுல இருக்கா? தேவதானப்பட்டி வரைக்கும் போகணும். இல்ல, நான் இல்ல, நீதான். பஸ் ஸ்டாப்புல யோகஸ்ரீன்னு ஒரு சின்னப் பொண்ணு நிக்கும். அவ பாட்டிகிட்ட கேட்டு, அந்தம்மாவையும் ஏத்திக்கிட்டு இங்க வா... ஏன்னா, ஒருத்தங்க எனக்குப் பெரிய உதவி செஞ்சிருக்காங்க. வந்து சொல்றேன்."

*

வெயில் தாழும் நேரத்தில் கார் வந்தது. மற்றப் பிள்ளைகளை வார்டுக்குள் விடுவதில்லை. சன்னலிலிருந்து பார்த்தால் வாசல் மரத்தடி தெரிந்தது. மஞ்சள் கவுன் போட்ட ஒரு சிறுமி பாட்டியின் கையை உதறிக்கொண்டு இறங்கி, கட்டடத்தின் எல்லாச் சன்னல்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பாண்டீஸ்வரி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். கையில் ரசஞ்சோற்றுக் கிண்ணம் இருந்தது.

"இவன் விட மாட்டான் சார். நான் அந்தப் பக்கம் போனா அழுவான்."

"போகாத," என்றான் கபிலேஷ்.

தனசேகர் அவள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். ஒரு கரண்டி எடுத்து, ஊதி, பையனிடம் நீட்டினார்.

"வேணாம். நீங்க கத்துவீங்க."

தனசேகர் அந்தக் கரண்டியைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். முகத்தைச் சுளித்தார். "உப்பே இல்லடா," என்றார் ரகசியமாக.

கபிலேஷ் சிரித்துவிட்டான்.

பாண்டீஸ்வரி படிக்கட்டில் இறங்கி ஓடும் சத்தம் கேட்டது. தனசேகர் வேறு கரண்டி கேட்டு வாங்கி, பையனுக்கு ஊட்டத் தொடங்கினார்.