எட்டு வருஷம் பாக்கி

ஒரே ஒரு மலையிலே ஒரே ஒரு பாதை. பாதி வழியில் ஒரு சத்திரம். அங்கே சமைத்துப் போட ராஜா வைத்த ஆள் ஆவுடையப்பன். முப்பது வருஷம் ஆக்கிப் போட்டால் விடுதலை, அப்புறம் கால் போன பக்கம் போகலாம் என்று உத்தரவு. இருபத்திரண்டு முடிந்திருந்தது.

அந்தச் சத்திரத்தில் ஒரு வழக்கம். பந்தியில் உட்கார்ந்தவர் தான் கண்ட ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் இலையில் சோறு விழும். கேட்டுக் கேட்டே ஆவுடையப்பனுக்கு ஊர்களெல்லாம் அத்துப்படி. எந்த ஆறு எந்த மாசம் நுரைத்து வரும் என்பதுகூடத் தெரியும். ஒன்றையும் பார்த்ததில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை உமையாள் அம்மா அந்த வழியே வருவார். ஊர் ஊராக நடக்கிறவர். அவரைத்தான் ஆவுடையப்பன் குருவாக நினைத்திருந்தான்.

“அம்மா, ஊர் சுத்தற ஆசை உயிரை வாங்குது. இன்னும் எட்டு வருஷம் இதை அடக்கி வைக்க ஒரு வழி சொல்லுங்க.”

“கரண்டியை இப்படிக் கொடு.”

“எதுக்கும்மா?”

“எனக்குக் கால் வலிக்குது. இங்கேயே இருந்துடறேன். நீ கெளம்பு.”

அவர் விளையாடவில்லை. ஆவுடையப்பனுக்கு வேர்த்துவிட்டது.

“மேல்காத்து அடிச்சா அடுப்பு புகையும்மா.”

“இருமிக்கறேன்.”

“செவலைப் பசு வேற யாரையும் கிட்ட விடாது.”

“வர்றவங்க மோர் இல்லாம சாப்பிடட்டும்.”

“ராஜா கேட்டா?”

“ராஜாவுக்கு வேண்டியது சமைக்க ஒரு ஆள். நான் இருக்கேன்ல?”

உச்சிவேளைப் பந்தி கூடியது. உமையாள் அவனையும் பந்தியில் உட்காரவைத்தார். கரண்டியோடு அவன் இலைக்கு முன்னால் வந்து நின்றார்.

“ம், சொல்லு.”

மலையுச்சித் தேனடையைப் பற்றி அவன் ஆரம்பித்தான். பக்கத்து இலைத் தேன் வியாபாரி சிரித்துவிட்டார்.

“யோவ், அது போன வருஷம் நான் சொன்னதுய்யா!”

பந்தியே சிரித்தது. ஆவுடையப்பன் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

“எனக்கு ஆறு வயசு. அப்பா தோள்ல வச்சுக் கடலுக்குக் கூட்டிட்டுப் போனார். அலைக்குப் பயந்து அவர் குடுமியைப் பிடிச்சுக்கிட்டேன். உதட்டை நக்கினா உப்பு. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்ப்பான்னேன். அடுத்த வருஷம் வரலாம்டான்னார்.”

யாரும் சிரிக்கவில்லை. இலையில் சோறு விழுந்தது.

பந்தி கலைகிற நேரத்தில் உப்பு வணிகர்கள் கழுதைகளோடு வந்து இறங்கினார்கள். வருஷா வருஷம் அவன் கையால் சாப்பிடுகிறவர்கள். நேரே அடுப்படிக்குப் போய், “அம்மா, இன்னிக்கு என்ன குழம்பு?” என்றார்கள்.

ஆவுடையப்பன் வாசலில் நின்றான்.

“இருபத்திரண்டு வருஷம்மா. ஒருத்தர்கூட என்னைத் தேடலையே.”

உமையாள் குழம்பைக் கிளறிக்கொண்டே சொன்னார்: “அதான் சொல்றேன். தேட ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடு.”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினான்.